ஊவாத் தோட்டங்களில் நீரும் மின்னும்: நுண்ணுயிர் எரிபொருட் கலம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

ஊவாவின் பெருந்தோட்ட வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நிலத்தையும் உழைப்பையும் மையமாகக் கொண்டே எழுதினர். காடு அழிந்து கோப்பித் தோட்டமானதும், கோப்பி அழிந்து தேயிலை வந்ததும், தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் லயங்களிற் குடியமர்த்தப்பட்டதும், 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் அம்மக்களின் வாழ்வைக் குலைத்தமையும் இன்று ஓரளவு அறியப்பட்ட செய்திகளாகும். இம்மலைகளில் ஓடும் நீரின் வரலாறும் அவ்வாறே தனித்து ஆராயப்படும் தகுதியுடையது. தோட்டத்துக்குள் நுழையும்போது அந்நீர் ஆலையை இயக்கும் ஆற்றலாயிற்று; தோட்டத்தை விட்டு வெளியேறும்போது ஆலையின் அழுக்கைச் சுமந்து சென்றது. முன்னதற்குக் கணக்கெழுதினோர் பின்னதற்குக் கணக்கெழுதவில்லை.

ஆலைக் கழிவுநீரைத் தூய்மையாக்கும்போதே அதிலிருந்து மின்சாரத்தையும் பெறத்தக்க ஒரு கருவி இக்காலத்தில் அறிவியலாளர்களின் கவனத்தைப் பெற்றுள்ளது. அதனை நுண்ணுயிர் எரிபொருட் கலம் என்பர். நீர் உள்ளே வருதலையும் வெளியே செல்லுதலையும் ஒரே கணக்கிற் கொணர்வது இக்கருவியின் சிறப்பாகும். இக்கட்டுரையில் நாம் இரண்டு வினாக்களை எழுப்புகிறோம். இக்கலம் ஊவாவின் ஆலைகளுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது ஒன்று. இதற்கு முன்னர் இம்மலைகளில் நீரிலிருந்து ஆற்றல் பெறப்பட்டபோது அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்பது மற்றொன்று. இரண்டாவது வினாவை விடுத்து முதலாவதற்கு மட்டும் விடை கூறுதல் முழுமையாகாது என்பது எமது துணிபு.

2. ஊவாவின் நீர்நிலை

ஊவா பல ஆறுகளின் பிறப்பிடமாகும். அப்புத்தளை மலைத்தொடருக்கு வடக்கே வீழும் மழை உமா ஓயா, பதுளு ஓயா முதலியவற்றின் வழியே மகாவலி கங்கையைச் சேர்கிறது. தெற்கே வீழ்வது வளவை கங்கைக்கும் கிரிந்தி ஓயாவுக்கும் செல்கிறது. பதுளை நகரை அணைத்துச் செல்லும் பதுளு ஓயாவே நகருக்கு வடக்கே துன்கிந்தை நீர்வீழ்ச்சியாக வீழ்ந்து பின்னர் மகாவலியோடு கலக்கிறது. மகாவலியோ உலர்வலயத்து வயல்களைக் கடந்து திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகிறது. கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீற்றருக்கும் அதிகமாக உயர்ந்து நிற்கும் நமுனுகுலை மலையிலிருந்து இறங்கும் நீர் மாணிக்க கங்கையாகிக் கதிர்காமத்தை அடைகிறது. ஆண்டுதோறும் அடியார்கள் புனிதமென மூழ்கி எழும் அந்நீரின் தலைப்பகுதியிலே தேயிலை மலைகள் இருக்கின்றன.

எனவே ஊவாத் தோட்டத்து ஆலையொன்றின் வாய்க்காலில் எது விடப்படுகிறது என்பது அத்தோட்டத்தாருக்கு மட்டும் உரிய செய்தியன்று. மேட்டில் இருப்பவர் செய்வதைப் பள்ளத்தில் இருப்பவர் குடிக்க வேண்டியுள்ளது. முதலில் அதனைக் குடிப்பவர், ஆலைக்குக் கீழே லயத்தில் வாழும் தொழிலாளியே ஆவர்.

3. கோப்பிக் காலத்து நீர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பி ஊவாவிற் பரவியபோதே நீரைத் தேடித் தோட்டம் அமைக்கும் வழக்கம் தொடங்கிவிட்டது. பறித்த பழத்தின் தோலையும் சதையையும் நீக்கும் பொறி நீர்ச்சக்கரத்தால் இயக்கப்பட்டது. சதை நீங்கிய கொட்டையைத் தொட்டிகளில் ஊறவிட்டு, அதன்மேல் ஒட்டியிருக்கும் பசையை நொதிக்கச் செய்து, பின்னர் நிறைந்த நீரிற் கழுவினர். அப்பசையைக் கரைத்தவை நுண்ணுயிர்கள் என்பது தோட்டத்துரைமார் பலர் அறியாதது. கழுவிய நீர் ஓடையில் விடப்பட்டது. கோப்பியின் ஈரப் பதனீட்டிலிருந்து வெளியேறும் நீர் சீனியும் பெக்டினும் அமிலமும் மிக்கது என்றும், அது சேரும் ஓடையின் ஒட்சிசனை விரைவில் தீர்த்துவிடும் என்றும் இன்று அறிகிறோம். ஊவாவின் முதலாவது ஆலைக் கழிவுநீர் அதுவே எனலாம்.

கோப்பியை அழித்ததும் ஒரு நுண்ணுயிரே என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. கோப்பி இலையைத் தாக்கிய துரு நோய் 1869 இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே முதலிற் கவனிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, இங்கிலாந்தில் பேர்க்லி என்னும் அறிஞர் அந்தப் பங்கசுக்கு அவ்வாண்டிலேயே ஹெமிலியா வஸ்தாத்திரிக்ஸ் எனப் பெயரிட்டார். 1880 முதல் 1882 வரை மார்ஷல் வார்ட் இலங்கையில் தங்கி அதன் வாழ்க்கை வட்டத்தை ஆராய்ந்தார். நோய் எவ்வாறு பரவுகிறது என்பது தெளிவானபோது கோப்பி மீளவியலா நிலையை எய்தியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பொருட்படுத்தாமையின் விலையை ஊவா அன்றே கொடுத்தது.

4. தேயிலை ஆலையும் நீர்மின்னும்

கோப்பி நின்ற இடத்திற் தேயிலை நின்றது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிற் கட்டிய தம்பேத்தன்னை ஆலை இன்றும் காணத்தக்கது. தேயிலையை ஆக்குவதற்குக் கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்தல் வேண்டும். இவற்றுள் உருட்டலுக்கும் சலித்தலுக்கும் பொறியாற்றல் தேவை. உலர்த்தலுக்கு வெப்பம் தேவை. தோட்டத்து மக்கள் தேயிலை ஆலையை இன்றும் ஸ்டோர் என்றே வழங்குவர். கோப்பியைச் சேர்த்துவைத்த கட்டடத்தின் பெயர் தேயிலை ஆலைக்கும் தொடர்ந்தது என்று கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஊவாவின் புவியியலை நோக்குதல் வேண்டும். புகையிரதப் பாதை அப்புத்தளையை 1893 இலும், பண்டாரவளையை 1894 இலும் அடைந்தது. பதுளையை அது எட்டியது 1924 இலேயே. பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களுக்கு அதன் பின்னரும் பாதை செல்லவில்லை. நிலக்கரியையோ எண்ணெயையோ மாட்டுவண்டியில் ஏற்றிச் செல்லுதல் செலவு மிக்கதாகையால், மலையிலிருந்து இறங்கும் ஓடையையே துரைமார் நாடினர். ஓடையை மறித்துச் சிறு அணை கட்டி, சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டி, அங்கிருந்து இரும்புக் குழாயில் நீரைக் கீழே பாய்ச்சிச் சக்கரத்தைச் சுழற்றினர். மரச்சக்கரம் போய்ச் சுழலி வந்தது; சுழலியோடு மின்பிறப்பாக்கி இணைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தோட்டங்களில் இத்தகைய சிறு நீர்மின் அமைப்புகள் ஏறத்தாழ 500 இயங்கின என்பர்.

நாட்டளவில் நீர்மின்னைப் பற்றிச் சிந்தித்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1912 இல் நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள பிளாக்பூலிற் சிறிய நீர்மின் நிலையமொன்று அவரால் அமைக்கப்பட்டது. 1918 இல் அவர் பொறியியற் சங்கத்தின் முன் படித்த கட்டுரை நாடு முழுவதற்கும் நீர்மின் வழங்கலாம் எனக் காட்டிற்று. அவர் கனவு கண்ட லக்சபான நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னர்த் தேசிய மின்கம்பி ஆலைகளை எட்ட எட்டத் தோட்டத்துச் சிறு சுழலிகள் கைவிடப்பட்டுத் துருவேறின. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1980 களில் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு போன்ற அமைப்புகள் அச்சுழலிகளிற் சிலவற்றை மீள இயக்க முயன்றன. 1992 இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது.

5. விளக்கும் இருளும்

இத்தகைய சிறு சுழலிகளிற் பிறந்த மின்சாரம் ஸ்டோரை இயக்கிற்று. துரையின் பங்களாவில் விளக்கேற்றிற்று. கொழுந்தை இரவிலே அரைக்க நேர்ந்தபோது ஆலை முழுவதும் ஒளியாக இருந்தது. அதே ஓடையின் கரையில் நின்ற லயக் காம்பராக்களிற் குப்பி விளக்கு எரிந்தது. 1980 களிலும் மிகப் பல லயங்களின் நிலை இதுவே. மின்கம்பி லயத்தின் கூரைக்கு மேலாகச் செல்லக் கூரைக்குக் கீழே மண்ணெண்ணெய்ப் புகையிற் பிள்ளைகள் பாடம் படித்ததைத் தோட்டத்திற் பிறந்த எவரும் அறிவர். ஒரு நூற்றாண்டு முழுவதும் மின் இல்லாக் குறை அங்கு இருந்ததில்லை. அதைப் பகிர்ந்துகொள்ளாக் குறையே இருந்தது.

வெளியேறும் நீரின் கதையும் இதனையொத்தது. லயத்து மக்களின் நீர்வழி பீலியாகும். ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ குழாயில் இறக்கப்பட்ட நீர் வீழுமிடத்தில் குடிநீர் எடுத்தலும் குளித்தலும் துவைத்தலும் நிகழும். மேலே எது கலந்தாலும் பீலியில் அது வந்து சேரும். தோட்டச் சுகாதாரம் பற்றிய முதலாவது சட்டங்கள் தொழிலாளரின் உடல்நலம் கெட்டு வேலை குறைந்தபோதே எழுந்தன. 1912 இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனம் கொளுக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தோட்டங்களில் தொடங்கி மலசலகூடங்களை வற்புறுத்திற்று. இவை மனிதக் கழிவைக் கருதினவேயன்றி ஆலைக் கழிவைக் கருதவில்லை.

ஆலைக் கழிவுநீருக்கு நாடளாவிய சட்டவரம்பு 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் பின்னரே உருவாயிற்று. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் நீரில் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை இலீற்றருக்கு 30 மில்லிகிராமையும், இரசாயன ஒட்சிசன் தேவை 250 மில்லிகிராமையும் கடத்தல் ஆகாது என்பது பொதுவான வரம்பாகும். நீரிலுள்ள சேதனப் பொருளை உயிர்கள் உண்டு தீர்ப்பதற்கு வேண்டிய ஒட்சிசனின் அளவை முன்னது காட்டும். இரசாயன முறையில் முற்றாக எரிப்பதற்கு வேண்டியதைப் பின்னது காட்டும். இவ்வளவை எய்துவதற்கு வழக்கமாகக் காற்றூட்டும் தொட்டிகள் அமைப்பர். அவற்றை இயக்க மின் வேண்டும். மின்னுக்குப் பணம் வேண்டும். சிறிய ஆலைகள் பின்னடைவதற்கு இச்செலவு ஒரு பெருங்காரணம். இச்சிக்கலுக்கு நுண்ணுயிர்க் கலம் ஒரு வழியைக் காட்டுகிறது.

6. கலத்தின் பிறப்பும் வளர்ச்சியும்

உயிருக்கும் மின்னுக்கும் உள்ள தொடர்பு 1791 இல் கல்வானி வெளியிட்ட தவளைக்கால் ஆய்வுகளால் உலகறிந்ததாயிற்று. நுண்ணுயிர்களிலிருந்து மின்னோட்டத்தைப் பெற்றவர் டறம் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர் எம். சி. பொட்டர். நொதியத்தையும் பற்றீரியாவையும் சேதனப் பொருளை உண்ணவிட்டு, அக்கரைசலிற் பிளாற்றினத் தகட்டை வைத்து, மிகச் சிறிய மின்னழுத்தம் எழுவதை அவர் 1911 இல் இறோயல் சங்கத்தின் வெளியீட்டில் அறிவித்தார். விமலசுரேந்திர பிளாக்பூலில் நீர்ச்சுழலியை அமைத்ததற்கு ஓராண்டு முன்பு நிகழ்ந்தது இது. மலையிலிருந்து வீழும் நீரின் ஆற்றல் நாட்டையே ஒளியூட்டும் நிலைக்கு வளர, நீரிற் கரைந்துள்ள பொருளின் ஆற்றல் நெடுங்காலம் ஆய்வுகூடத்திலேயே தங்கிவிட்டது.

1931 இல் அமெரிக்காவில் பார்னெற் கோகன் இத்தகைய கலங்கள் பலவற்றைத் தொடராக இணைத்து 35 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைப் பெற்றார். மின்னோட்டமோ 2 மில்லியம்பியர் அளவே. 1960 களில் விண்கலத்திற் கழிவைப் பயன்படுத்தும் எண்ணத்தால் இத்துறை மீண்டும் பேசப்பட்டது. 1980 களில் இலண்டனில் பெனற்றோ என்பவர் சாயப்பொருள்களை இடைத்தரகாகக் கலந்து உயிரணுவிலிருந்து இலத்திரனை வெளிக்கொணர்ந்தார். அச்சாயங்கள் விலை மிக்கவை, சில நஞ்சும் ஆனவை. எனவே கழிவுநீருக்கு அம்முறை ஏற்கவில்லை.

திருப்பம் சேற்றிலிருந்து வந்தது. 1987 இல் டெறெக் லவ்லி அமெரிக்காவின் பொட்டோமக் ஆற்றுச் சேற்றிலிருந்து ஜியோபக்டர் இனப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். ஒட்சிசன் அற்ற இடத்தில் இரும்பு ஒட்சைட்டுக்கு இலத்திரனைக் கொடுத்து உயிர்வாழும் இயல்புடையது அது. 1999 இல் கொரியாவின் கிம் குழுவினர், இடைத்தரகின்றியே பற்றீரியா மின்வாய்க்கு இலத்திரனைக் கொடுக்கக்கூடும் எனக் காட்டினர். 2004 இல் பென்சில்வேனியாவில் புறூஸ் லோகன் குழுவினர் வீட்டுக் கழிவுநீரைக் கொண்டே கலத்தை இயக்கி, அதன் இரசாயன ஒட்சிசன் தேவையில் நூற்றுக்கு 80 பங்கு வரை நீக்கினர். பெற்ற ஆற்றல் மின்வாயின் ஒரு சதுர மீற்றருக்கு 26 மில்லிவாற்று. தூய்மையின் அளவு பெரிதாகவும் மின்னின் அளவு சிறிதாகவும் இருப்பதை வாசகர் கவனிப்பாராக. இந்தியாவில் ஐதராபாத்திலுள்ள இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் இத்துறை ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

7. தொழிற்பாடும் கணக்கும்

கலத்தின் அமைப்பு எளியது. ஓர் அறையிற் கரியாலான அனோட்டு இருக்கும். அங்கே காற்றுப் புகாது. கழிவுநீரில் உள்ள சேதனப் பொருளைப் பற்றீரியா உண்ணும்போது காபனீரொட்சைட்டும் இலத்திரனும் புரோத்தனும் வெளிப்படும். ஒட்சிசன் இன்மையால் இலத்திரனை ஏற்பார் இலர். எனவே பற்றீரியா அதனை அனோட்டுக்குக் கொடுத்துவிடும். இலத்திரன் வெளிக்கம்பி வழியே கதோட்டுக்குச் செல்லும். புரோத்தன் நீரூடாக அங்கே சேரும். இரண்டும் காற்றின் ஒட்சிசனோடு கூடி நீராகும். கம்பியிற் செல்லும் அவ்வோட்டமே நமக்குரிய மின்சாரம்.

இதன் பயனை ஒரு கணக்கால் அளந்து பார்ப்போம். இரசாயன ஒட்சிசன் தேவையில் ஒரு கிலோகிராமுக்கு ஈடான சேதனப் பொருள் தரக்கூடிய மின்னேற்றம் ஏறத்தாழ 3,350 அம்பியர் மணி ஆகும். கலம் 0.4 வோல்ற்றில் இயங்கினால் அது 1.3 கிலோவாற்று மணிக்குச் சமம். நடைமுறையில் இலத்திரன்கள் யாவும் மின்வாயை அடைவதில்லை. நாலில் ஒரு பங்கு அடைவதாகக் கொண்டால் எஞ்சுவது 0.33 கிலோவாற்று மணி. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 10 கன மீற்றர் கழிவுநீரை வெளியேற்றும் ஆலை ஒன்றைக் கருதுவோம். அந்நீரின் தேவை இலீற்றருக்கு 1,000 மில்லிகிராம் எனின், நீக்கவேண்டிய மொத்தம் 10 கிலோகிராம். அதை முற்றாக நீக்கினாற் கிடைப்பது நாளொன்றுக்கு 3.3 கிலோவாற்று மணி.

நாளொன்றுக்கு 1,000 கிலோகிராம் தேயிலை ஆக்கும் ஆலைக்கு, கிலோவுக்கு 0.6 கிலோவாற்று மணி வீதம், 600 கிலோவாற்று மணி வேண்டும். கலம் தருவது அதில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. கழிவுநீரால் ஆலையை ஓட்டலாம் என்று கூறுவோர் இக்கணக்கை மறந்து கூறுகின்றனர். ஆயின் அதே 3.3 கிலோவாற்று மணியை வேறொரு தட்டில் இட்டு நிறுப்போம். 9 வாற்று விளக்கு ஒன்று மாலையில் 5 மணி நேரம் எரிவதற்கு 45 வாற்று மணி போதும். இழப்பிற் பாதி போயினும் முப்பதுக்கு மேற்பட்ட காம்பராக்களுக்கு ஒவ்வொரு விளக்கு எரியும். ஆலைக்கு ஒன்றுமில்லாத அளவு, ஒரு லயத்துக்கு ஒளியாகும் அளவு. முன்னைய சுழலிகள் இதைவிடப் பன்மடங்கு மின்னைப் பிறப்பித்தும் அவ்விளக்குகள் ஏற்றப்படவில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மின்னைவிடப் பெரிய ஆதாயம் வேறிடத்தில் உள்ளது. காற்றூட்டி நீரைத் தூய்மைசெய்யும் முறையில் ஒரு கிலோகிராம் தேவையை நீக்க ஏறத்தாழ 0.5 முதல் 1 கிலோவாற்று மணி வரை செலவாகும். கலத்துக்கு அச்செலவின் பெரும்பகுதி இல்லை. எஞ்சும் சேறும் குறைவு. ஆகவே இக்கலத்தை மின்னிலையமாக மதித்தால் அது தோல்வியாகவே தோன்றும். நீர் சுத்திகரிக்கும் கருவியாக மதித்தால் அதற்கு ஓர் இடமுண்டு.

8. ஊவாவின் ஆலைகள்

ஊவாவில் கருதத்தக்க ஆலைகள் மூவகையின. முதலாவது தேயிலை ஆலை. அதன் கழிவுநீர் பெரும்பாலும் உருட்டுபொறிகளையும் நொதிக்கவிடும் தளங்களையும் கழுவிய நீரே. தேயிலை நொதித்தல் என்று வழங்கப்படுவது உண்மையில் நுண்ணுயிரின் செயலன்று. இலையிலுள்ள நொதியத்தால் நிகழும் ஒட்சியேற்றமே. ஆதலின் கழுவுநீரிற் பல்பீனோற் பொருள்கள் மிகும். அவை பற்றீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் இயல்பின. மேலும் பழம்பாறைகளின் மேலாக ஓடிவரும் மலைநீரில் உப்புகள் குறைவு. உப்புக் குறைந்த நீர் மின்னை எளிதிற் கடத்தாது. 2007 இல் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் யற்றாலா என்னுமிடத்து மதுவடிப்பு ஆலையில் ஒரு கன மீற்றர் அளவான கலத்தை நிறுவியபோது, நீரின் குறைந்த கடத்துதிறன் மின்னோட்டத்தைத் தடுத்தது. அப்பாடம் ஊவாவின் மலைத்தோட்டங்களுக்கும் உரியது. கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளையின் குளிரிலே பற்றீரியாவின் வேகமும் குறையும்.

இரண்டாவது றப்பர் ஆலை. பசறைக்குக் கீழ்ப்பட்ட சரிவுகளிலும் மொனராகலை மாவட்டத்திலும் றப்பர் பயிராகிறது. பாலை அமிலம் சேர்த்து உறையவிட்டபின் எஞ்சும் நீரிற் சீனியும் புரதமும் சேதன அமிலங்களும் உள. பற்றீரியாவுக்கு இவை நல்லுணவு. நிலம் வெப்பமானது என்பதும் சாதகமே. அமிலத் தன்மையை முதலில் தணித்தல் வேண்டும்.

மூன்றாவது கரும்பாலை. மொனராகலை மாவட்டத்துப் பெல்வத்தை, செவனகல ஆகிய இடங்களில் 1980 களில் கரும்பாலைகள் எழுந்தன. இரண்டையும் 2011 ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசு பொறுப்பேற்றது. கரும்புப் பாகிலிருந்து மதுசாரம் வடிக்கும் எவ்வாலையிலும், ஓர் இலீற்றர் மதுசாரத்துக்குப் பத்து இலீற்றர் அளவில் வடிகழிவு எஞ்சும். அதன் இரசாயன ஒட்சிசன் தேவை இலீற்றருக்கு ஓர் இலட்சம் மில்லிகிராமை எட்டக்கூடும். இத்துணைச் செறிவான கழிவுக்கு நுண்ணுயிர்க் கலம் முதற்படியாகாது. இந்தியாவின் வடிசாலைகளிற் செய்வதுபோல முதலில் மெதேன் வாயுவாக்கி எரிபொருளைப் பெறுதலே சிறந்தது. அதன் பின்னர் எஞ்சும் நீர் உப்புகள் மிக்கதாய் மின்னை நன்கு கடத்தும். அங்கே கலம் இரண்டாம் படியாகப் பொருந்தும். ஆயினும் அதன் கருங்கபில நிறத்தை இக்கலம் எளிதில் நீக்காது.

ஆகவே ஊவாவின் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வரும் தேயிலை ஆலைக்கே இக்கலம் குறைவாகவும், தாழ்நிலத்து ஆலைகளுக்கு மிகுதியாகவும் பொருந்துகிறது. ஆய்வைத் தொடங்க இடமும் உண்டு. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாக் கிளை பசறையில் இயங்குகிறது. 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லசப் பல்கலைக்கழகம் பதுளையில் உள்ளது.

9. உமா ஓயா தரும் பாடம்

நீரிலிருந்து மின் பெறும் திட்டத்தைப் பற்றி ஊவா அண்மையிற் கற்ற பாடமொன்றையும் குறிப்பிடல் வேண்டும். உமா ஓயாப் பல்நோக்குத் திட்டம் 2008 இல் தொடங்கப்பெற்று, 2024 ஏப்ரில் 24 ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. அதன் மின்னாற்றல் 120 மெகாவாற்று. இடைப்பட்ட காலத்தில் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017 இல் மக்கள் வீதியில் இறங்கினர். நாட்டுக்கு மின் கிடைத்தது; கிணற்றை இழந்தவனுக்கு அது வேறுவிதமாகவே தெரியும்.

சிறு சுழலிக் காலத்திலும் உமா ஓயாவிலும் திட்டத்தின் அளவு மாறிற்று. கேட்கப்படாத வினா ஒன்றே. நீர் யாருடைய பீலியிலிருந்து எடுக்கப்படுகிறது, மின் யாருடைய விளக்கிற் சேர்கிறது என்பதே அவ்வினா.

10. முடிபுரை

மேற்கூறியவற்றால் நாம் அடையும் முடிபுகள் மூன்று. முதலாவது, நுண்ணுயிர் எரிபொருட் கலம் ஊவாவின் ஆலைகளை இயக்கும் மின்னிலையமாகாது. கழிவுநீரைக் குறைந்த செலவில் தூய்மையாக்கும் துணைக்கருவியாக அது ஆராயத்தக்கது. இரண்டாவது, அதன் ஆய்வு தாழ்நிலத்து றப்பர், கரும்பு ஆலைகளிலிருந்து தொடங்குதல் பயனுடையது. மூன்றாவது, பெறப்படும் சிறிய மின்னுக்கு உரியவர் யார் என்பதைக் கருவி நிறுவப்படுமுன்னரே எழுதிவைத்தல் வேண்டும். லயத்துப் பாதைக்கு ஒரு விளக்கு, பீலிக்கு ஒரு விளக்கு, பொது மலசலகூடத்துக்கு ஒரு விளக்கு என அது ஒதுக்கப்படுமாயின், நூறாண்டுக் கடன் ஒன்றில் மிகச் சிறு பகுதியேனும் தீரும்.

இன்னொரு பயனையும் கூறி அமைவோம். கலத்தின் மின்னோட்டம், நீரிலுள்ள சேதன அழுக்கின் அளவுக்கேற்ப ஏறி இறங்கும். இவ்வியல்பைக் கொண்டு, கிம் குழுவினர் நீரின் உயிரிரசாயன ஒட்சிசன் தேவையை அளக்கும் கருவியை அமைத்துக் காட்டினர். வழக்கமான சோதனைக்கு ஐந்து நாள் வேண்டும். இதற்கு மிகச் சிறிது நேரமே போதும். இத்தகைய சிறு கலம் ஒன்று ஓடையில் இருப்பின், மேலே எப்போது அழுக்கு விடப்பட்டது என்பதை அதன் முள் காட்டிவிடும். அம்முள்ளை வாசிக்கத் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளையைப் பயிற்றலாம். தாம் குடிக்கும் நீரைப் பற்றி இதுவரை தோட்ட மக்கள் பிறர் சொல்லக் கேட்டறிந்தனர். இனித் தாமே அளந்து, எண்ணோடு எடுத்துச் சொல்லும் நிலை அவர்களுக்கு வருதல் வேண்டும். ஆலையை ஓட்டப் போதாத மின்னோட்டம் இதற்குத் தாராளமாகப் போதும்.